கல்யாணச் சோறு தின்ற பன்றிகள்

டெல்லியில் நன்றாகச் சாப்பிட்டு வாழ்ந்தவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் முதல் இருபத்தொன்பது இடமும் குழந்தைசாமியின் பன்றிகளுக்குத்தான். எம்.பி.க்கள் எல்லாம் முப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஜி.டி. கர்னால் ரோட்டில் வரிசையாக நிற்கும் கல்யாண மண்டபங்களில் முதல் நாள் என்ன பரிமாறினார்களோ, மறுநாள் காலை அதுவே பவானா கால்வாய்க்கு அந்தப் பக்கம் அவருடைய கொட்டகையில் பரிமாறப்படும். பனீர், தால் மக்கனி, நாலு தினுசு நான், ரசமலாய். சீசனில் தினமும் இரண்டு இனிப்பு.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மகாராணி என்ற தாய்ப்பன்றி. கட்டில் அகலம் முதுகு, கிழிந்த இடது காது. மிச்சச் சோறு வரும் டிரம்மை முகர்ந்து பார்த்தே சாப்பாட்டுச் செலவு பெண் வீட்டாருடையதா பிள்ளை வீட்டாருடையதா என்று சொல்லிவிடும். பெண் வீட்டுச் செலவென்றால் நெய் மணக்கும் அல்லவா, உடனே வாயை வைக்கும். ஒருமுறை அலிப்பூர்ப் பண்ணை வீட்டுக் கல்யாணத்திலிருந்து வந்த பிரியாணியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். ஆறே மாதத்தில் அந்தத் தம்பதி கோர்ட்டு வாசலில் நின்றார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம். குழந்தைசாமி நம்பினார், எனக்கு அது போதும்.

அவர் ஆத்தூர்ப் பக்கத்து ஆள். பத்தொன்பது வயதில் தம்பியைக் கூட்டிக்கொண்டு டெல்லிக்கு வந்தார். ஜங்புராவில் பாராபுல்லா சாக்கடை ஓரம் இருந்த மதராசி கேம்ப்பில் ஒரு குடிசை போட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வேலை, பாதாளச் சாக்கடையில் இறங்குவது. ஐந்தாவது வருஷம் தம்பி இறங்கினான், ஏறி வரவில்லை. கான்ட்ராக்டரின் வருகைப் பதிவேட்டில் அன்றைக்குத் தம்பி பெயருக்கு நேரே "வரவில்லை" என்று எழுதியிருந்தது. வேலைக்கே வராதவன் குழிக்குள் எப்படிச் செத்திருப்பான்? இந்தக் கேள்வியைப் போலீஸ்காரர்தான் குழந்தைசாமியிடம் கேட்டார்.

அதோடு அவர் இறங்குவதை விட்டார். நாலு பன்றிக் குட்டி வாங்கிச் சாக்கடைக் கரையில் விட்டார். "மனுசன் போட்ட கழிவுல முங்கறதுக்குப் பன்னி போடற கழிவை அள்ளலாம்" என்பார். பன்றிகள் பெருகின. கரையில் இடம் போதாமல், நரேலாவைத் தாண்டி ஒரு ஜாட் பெரியவரின் தரிசு நிலத்தில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார். வாரம் ஆறு நாள் பன்றிகளோடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேம்ப்பில் மனைவி உமாமகேஸ்வரியோடு. "பன்னிக்கு ஆறு நாளு, பொண்டாட்டிக்கு ஒரு நாளு. அந்த ஒரு நாளும் குளிச்சிட்டு வா" என்பாள் அவள்.

பிறகு 2025-இல் கேம்ப்பையே இடித்தார்கள். சிலருக்கு மாற்று வீடு கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. குழந்தைசாமிக்கு நரேலாவில் நாலாவது மாடியில் ஒரு ஃபிளாட். கேம்ப்பே அழுதது. வேலை பார்க்கும் வீடுகள் ஜங்புராவில், படுக்கிற வீடு நாற்பது கிலோமீட்டர் தள்ளி என்றால் யார்தான் அழமாட்டார்கள்? மாற்று வீடு கிடைத்தவர்களில் தன் பிழைப்புக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தவர் குழந்தைசாமி ஒருவர்தான். இருபது வருஷமாகச் சோறாக்கிப் போட்ட மூன்று வீட்டு வேலையையும் உமாமகேஸ்வரி இழந்தாள். "அரசாங்கத்துக்கு உன் பன்னி மேலதான்யா பாசம்" என்று ஒருமுறை சொன்னாள்.

இதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே நொய்டாவிலிருந்து ஒரு கம்பெனி வந்திருந்தது.

அவர்கள் சொன்ன யோசனை நல்ல யோசனைதான். பன்றி என்றால் சும்மா இல்லை, அதைச் சுற்றி ஐந்து நோட்டுப் புத்தகம் இருக்கிறது. தீவன ஆலைக்காரர் ஒரு நோட்டில் மூட்டையை எழுதுகிறார். வளர்ப்பவர் ஒன்றில் குட்டிகளை எழுதுகிறார். டாக்டர் ஊசியை, வண்டிக்காரர் போன ஊர்களை, அறுப்புக்கூடத்துக்காரர் எடையை. ஒருவர் நோட்டை இன்னொருவர் பார்த்ததே இல்லை. ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கம்ப்யூட்டரில் பார்த்தால், எந்தத் தீவனத்தில் எந்தப் பன்றி எவ்வளவு வளர்கிறது, எங்கே வீண், எங்கே நோய் என்று கண்ணாடி போலத் தெரியும். ஒரு கொட்டகையில் காய்ச்சல் வந்தால் அந்த வண்டி அதற்கு முன்னும் பின்னும் எங்கெல்லாம் போனது என்று ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். பன்றிக்கு ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் தோடு, அதில் ஒரு எண். வளர்ப்பவர் தினமும் போனில் எத்தனை கிலோ தீவனம் போட்டேன் என்று பதிய வேண்டும்.

நிபந்தனை ஒன்றுதான். ஹோட்டல் மிச்சம், கல்யாண மிச்சம் எதுவும் போடக்கூடாது. ஆலைத் தீவனம் மட்டும்.

"அப்ப எனக்கு வேண்டாம்" என்றுதான் குழந்தைசாமி முதலில் சொன்னார். ஆனால் அறுப்புக்கூடத்துக்காரர், தோடு இல்லாத பன்றியை இனிமேல் எடுக்க முடியாது என்றுவிட்டார். முப்பது வருஷத்துப் பன்றிகளை விற்க வேறு வாசல் இல்லை. கல்யாணச் சோற்றை விட்டுவிட்டு மூட்டைத் தீவனம் வாங்கிக் கட்டுப்படியும் ஆகாது. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கண் துடைப்புக்கு மாதம் கொஞ்சம் மூட்டை வாங்கினார். வாங்கியதை முப்பது நாளாகப் பங்கு போட்டு, தினமும் அந்தக் கணக்கையே போனில் பதிந்தார். பன்றிகள் வழக்கம் போல ரசமலாய் சாப்பிட்டன.

கம்ப்யூட்டர் சரிபார்த்தது. ஆலைக்காரர் நோட்டில் எத்தனை மூட்டையோ அத்தனையே குழந்தைசாமியின் போனிலும். குறை ஒன்றும் இல்லை. இரண்டு சாட்சி ஒத்துப் போய்விட்டால் எந்தக் கோர்ட்டும் நம்பும், பாவம், அது மட்டும் என்ன செய்யும்?

இந்தக் கணக்கையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் வைஷ்ணவி. மயூர் விஹாரில் எங்கள் பிளாக்குப் பெண், இருபத்தேழு வயது, புள்ளியியல் படித்தவள். வீட்டில் வெங்காயம்கூட வாரத்தில் நாலு நாள்தான். பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்டால் அவள் அம்மா ருக்மிணி, "கால்நடை அபிவிருத்தி. மாடு கன்னு" என்பாள். ஒருநாள் வைஷ்ணவியின் செருப்பை லிஃப்ட்டில் முகர்ந்த ஒரு நாய் மூன்று மாடி குரைத்துக்கொண்டே வந்தது. மாட்டுக்கு அப்படிக் குரைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை.

தமிழ் தெரியும் என்பதால் அவளைத்தான் குழந்தைசாமியின் கொட்டகைக்கு அனுப்பினார்கள். மெட்ரோவில் கடைசி ஸ்டேஷன் வரை வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வந்து நின்றாள். டிரம்களெல்லாம் தார்ப்பாய்க்குப் பின்னால் போய்விட்டிருந்தன.

"அங்கிள், நூத்தி நாப்பது ஃபார்ம் இருக்கு. அதுல உங்க பன்னிதான் ஃபர்ஸ்ட். இவ்ளோ கம்மியா சாப்பிட்டு இவ்ளோ வெயிட் எப்படி? ஸ்பெஷலா என்ன பண்றீங்க?"

குழந்தைசாமி இதற்குத் தயாராக இல்லை. மகாராணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல கண்ணு. அதுங்ககிட்டத் தமிழ்ல பேசறேன். அவ்வளவுதான்."

"தமிழ்லயா? என்ன பேசுவீங்க?"

"வா கண்ணு, சாப்பிடு வாம்பேன்."

"பன்னியைக் கண்ணுன்னா கூப்பிடுவீங்க?"

"உன்னையும் அப்படித்தானே கூப்பிடறேன்."

அவள் சிரித்துவிட்டு அதையும் குறித்துக்கொண்டாள். நகைச்சுவைக்காகக் குறித்ததுதான். ஆனால் கம்பெனிக்காரர்கள் இருக்கிறார்களே, குறித்ததை விடமாட்டார்கள். அன்பாகப் பேசினால் பன்றிக்குப் பதற்றம் குறையும், பதற்றம் குறைந்தால் தின்றது உடம்பில் ஒட்டும் என்று மேலதிகாரி ஒருவர் விளக்கம் கண்டுபிடித்தார். குழந்தைசாமியின் குரலைப் பதிவு செய்து எல்லோர் போனுக்கும் அனுப்பினார்கள். அந்தக் குளிர்காலத்துக்கு முன் சோனிபட்டிலிருந்து ரோத்தக் வரை ஐம்பது அறுபது ஜாட்டுகள் காலையில் எழுந்து மீசையை முறுக்கிக்கொண்டு "வா கன்னு, சாப்டு வா" என்று தங்கள் பன்றிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐம்பது வருஷமாகப் பரப்பியதைவிட அதிகத் தமிழை அந்த ஒரு பருவத்தில் பன்றிகள் பரப்பின என்றால் மிகையில்லை.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பேச்சோடு சேர்த்துக் கம்பெனி இன்னொன்றையும் அனுப்பியது. குழந்தைசாமியின் பன்றிகளுக்கு இவ்வளவு தீவனம் போதுமென்றால் மற்றவர்கள் அதிகமாகப் போட்டு வீணாக்குகிறார்கள் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்தது. பன்றி ஒன்றுக்குத் தினம் இரண்டே முக்கால் கிலோ போட்டவர்களுக்கு "இரண்டு போதும்" என்று செய்தி போனது. அலுவலகத்தில் அதற்குக் "குழந்தைசாமி அளவு" என்றே பெயர். அதைக் கணக்கிட்டுக் கொடுத்த வைஷ்ணவிக்குக் கைதட்டினார்கள்.

கால்வாய்ப் பாலத்தின் இந்தப் பக்கம், குழந்தைசாமியின் கொட்டகையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில், ராம்தேயி பன்னிரண்டு பன்றி வைத்திருந்தாள். புருஷன் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. போனில் வருவதைப் பக்கத்துக் கடைக்காரர் படித்துச் சொல்வார், அதை அப்படியே செய்வாள். குழந்தைசாமியின் ஈ-ரிக்ஷா, மூடிய டிரம்களோடு, தினமும் அவள் வாசலைத் தாண்டித்தான் போகும். அக்டோபரில் ஒருநாள் கையைக் காட்டி நிறுத்தினாள். இந்தியில்தான் பேசினாள், நான் தமிழில் தருகிறேன்.

"சாமி பாய், கம்பெனிக்காரி சொன்ன அளவுதான் போடறேன். ஒண்ணோட வாலை இன்னொண்ணு கடிக்குது பாரு."

பார்த்தார். விலா எலும்பை எண்ணலாம். நாலு பன்றிக்கு வால் இருந்த இடத்தில் ரத்தம் கட்டிய முடிச்சு. பசித்த பன்றி அப்படித்தான் செய்யும்.

"உன் பன்னி மட்டும் எப்படிப்பா அதே தீவனத்துல அப்படி இருக்கு?" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "நான் சொல்ற தமிழ்தான் சரியில்லையோ? இன்னொரு தடவை சொல்லிக் குடேன்" என்றாள்.

அவளுக்கு இதில் விளையாட்டே இல்லை. குழந்தைசாமி அன்றைக்கு அவளுக்கு எதையும் சொல்லிக் கொடுக்காமல் ஈ-ரிக்ஷாவை நகர்த்திக்கொண்டு போய்விட்டார். முன்பெல்லாம் வழியில் ஒரு டீ குடிப்பார். அன்று குடிக்கவில்லை.

இங்கே அவருடைய வேலை முறையைச் சொல்ல வேண்டும். கல்யாணச் சோற்றை அவர் அப்படியே கொட்டுகிறவர் இல்லை. முதலில் கையை விட்டுப் பல் குத்தும் குச்சிகளையெல்லாம் பொறுக்குவார். ஒரு குச்சி போதும், ஒரு பன்றியின் குடலைக் கிழிக்க. பிறகு பாதியாக அறுத்த இரும்பு டிரம்மில் போட்டு விறகு அடுப்பில் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுவார். பொங்கி வரும்வரை யார் சொன்னாலும் இறக்கமாட்டார். முப்பது வருஷத்தில் அந்தக் கொட்டகைக்குக் காய்ச்சல் வராததற்குக் காரணம் தமிழ் இல்லை, அந்த அடுப்பு. அதற்குக் கம்ப்யூட்டரில் இடமில்லை. சோறே கணக்கில் இல்லாதபோது அடுப்பு எப்படி இருக்கும்?

நவம்பரில் டெல்லிக்கு மூச்சு முட்டியது. வெளியில் விறகு எரிக்கக் கூடாதென்று உத்தரவு. குழந்தைசாமியின் அடுப்புப் புகையை யாரோ போட்டோ எடுத்துப் புகார் கொடுக்க, இரண்டு பேர் பைக்கில் வந்து அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனார்கள். அவர்கள் பைக்கும் நல்ல புகைதான் விட்டது. கேஸ் சிலிண்டரில் காய்ச்சிப் பார்த்தார், இரண்டே நாளில் தீர்ந்தது. குளிர்தானே, சோறு கெடாது என்று மூன்றாம் நாளிலிருந்து காய்ச்சாமல் போட ஆரம்பித்தார்.

அந்த வாரத்தில் ஒரு பெரிய கல்யாணம். விலாயத்து மாப்பிள்ளையாம், ஒரு வரிசை முழுக்க வெளிநாட்டுச் சாப்பாடு. டிரம்மில் சோற்றோடும் குழம்போடும் விரல் நீளத்துக்குப் பன்றிக்கறி சாசேஜ் கலந்து கிடந்தது. பன்றிக்குப் பன்றியைப் போடுவதில்லை என்பது அவர் வைத்திருந்த ஒழுங்கு. பொறுக்க முடிந்ததைப் பொறுக்கினார். ஐந்து டிரம் சோற்றில் எல்லாவற்றையும் பொறுக்க முடியுமா? வழியில் ராம்தேயி வாசலில் நிறுத்தி இரண்டு டிரம்மை இறக்கினார்.

"இது என்ன?"

"போடு. நல்லாச் சாப்பிடட்டும். யார் கேட்டாலும் கம்பெனித் தீவனம்னு மட்டும் சொல்லு."

ராம்தேயி மூடியைத் திறந்து பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். நூற்று நாற்பது கொட்டகைக் கணக்கையும் ஐந்து நோட்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்குப் புரியாதது, எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு அந்த ஒரு பார்வையில் புரிந்துவிட்டது. பன்றிகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன, டிரம்மைச் சாய்த்தாள்.

ஒன்பதாம் நாள் அவளுடைய பன்றிகள் ஒன்றின்மேல் ஒன்று போய்ப் படுத்துக்கொண்டன. காதெல்லாம் நாவல்பழ நிறம். பத்தாம் நாள் மூன்று செத்தன. டாக்டர் வந்து ரத்தம் எடுத்தார். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். சரியாக வேகாத பன்றிக்கறி வழியாகவும் வரும். மனிதரை ஒன்றும் செய்யாது. பன்றியை விடாது. மருந்தும் கிடையாது. இருப்பதையெல்லாம் கொன்று புதைப்பதுதான் வைத்தியம்.

கம்ப்யூட்டர் வேலை செய்யத் தொடங்கியது. இதற்காகத்தானே கட்டினார்கள். காய்ச்சல் எங்கிருந்து வந்தது? தீவனம் எல்லோருக்கும் ஒன்றுதான், அதனால் தீவனம் இல்லை. மிச்சமிருந்தது வண்டி. அந்த மாதம் ராம்தேயி வாசலுக்கு வந்த வண்டி இன்னும் ஆறு கொட்டகைக்குப் போயிருந்தது. ஏழும் திரையில் சிவந்தன.

குழந்தைசாமிக்கு வைஷ்ணவியிடமிருந்து போன் வந்தபோது அவர் கொட்டகைக்குள் குந்தி உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு குட்டிகள் தீவனத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தன.

"அங்கிள், பயப்படாதீங்க. உங்களுக்கு ஒரு மாசமா வண்டியே வரலை. உங்க டாட் பச்சையாத்தான் இருக்கு. யூ ஆர் சேஃப்."

"ராம்தேயி?"

"நாளைக்குக் காலைல அங்க டீம் போகும். நாளன்னைக்கு மத்த ஆறு இடம்."

"அந்த ஆறு இடத்துல சீக்கு வந்திருக்கா?"

"இன்னும் இல்ல அங்கிள். ஆனா வரும்னு சிஸ்டம் சொல்றது. வெயிட் பண்ண முடியாதே."

"சரி கண்ணு" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் ராம்தேயியின் ஒன்பது பன்றிகளைப் புதைத்தார்கள். குழந்தைசாமி பாலத்துக்கு மேல் ஈ-ரிக்ஷாவை நிறுத்திவிட்டுத் தூரத்திலிருந்தே பார்த்தார். வெள்ளை அங்கி போட்ட அதிகாரி அவளிடம் என்ன தின்னக் கொடுத்தாய் என்று கேட்டார். ராம்தேயி நிமிர்ந்தபோது பாலத்தின் மேல் நின்றவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "கம்பெனித் தீவனம்" என்றாள். அதிகாரி எழுதிக்கொண்டார்.

அன்று மாலை அவர் நரேலா ஃபிளாட்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை இல்லை. உமாமகேஸ்வரி கதவைத் திறந்து, "என்னய்யா, பன்னி உன்னைத் தொரத்திடுச்சா?" என்றாள். அவர் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சோறு, மூட்டை, சாசேஜ், ராம்தேயி, ஆறு கொட்டகை. பருப்புக் குக்கர் மூன்று விசில் அடித்தது. அவள் அணைக்காமல் நின்றாள்.

"நம்ம பன்னிக்கும் வந்திடுச்சா?"

"ரெண்டுக்கு."

"அப்ப எப்படியும் போயிடுமா?"

"மகாராணியெல்லாம் அந்த டிரம்மைத் தொடலை. குட்டிங்கதான் தின்னுச்சு. பிரிச்சுக் கட்டியிருக்கேன். பொழைச்சாலும் பொழைக்கும். பச்சைன்னு போட்டிருக்கான், யாரும் வரமாட்டான்."

"யாரும் வரமாட்டான்" என்று அவள் திருப்பிச் சொன்னாள். குக்கரை அணைத்தாள். "உன் தம்பி அன்னைக்கு வேலைக்கே வரலைன்னு எழுதினானே ஒருத்தன். முப்பது வருசமா அவன் கை அழுகணும்னு சாபம் விட்டியே. அந்தக் கை உனக்கு எப்பய்யா வந்துச்சு?"

அவர் சாப்பிடாமல் எழுந்து போய் வைஷ்ணவிக்குப் போன் செய்தார். மறுநாள் விடிந்ததும் முதல் மெட்ரோவில் அவள் கிளம்பி வந்தாள். இந்த முறை தார்ப்பாயை அவரே விலக்கி வைத்திருந்தார். நீல டிரம்கள், அணைந்த அடுப்பு, ஒரு மூலையில் கோணிப்பை நிறையப் பல் குத்தும் குச்சி.

வைஷ்ணவி ரொம்ப நேரம் அந்தக் குச்சிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"எத்தனை நாளா அங்கிள்?"

"நீங்க வந்த முத நாள்லேர்ந்து."

"அப்போ என் அளவு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். நூற்று நாற்பது கொட்டகையில் எத்தனை விலா எலும்பு தெரிந்திருக்கும் என்று அந்த நிமிஷத்தில் கணக்குப் போட்டிருப்பாள். கணக்கில் கெட்டிக்காரி. "ஏன் அங்கிள் என்கிட்ட சொல்லலை?"

"நீ கேட்டது நான் என்ன பண்றேன்னு. என்னால எது முடியும்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் கண்ணு."

"இதை நான் சொன்னா உங்க பன்னி எல்லாத்தையும்... சீக்கு வராததைக்கூட."

"தெரியும். அந்த ஆறு கொட்டகைக்காரனுக்கும் அவன் பன்னி மகாராணிதான். சொல்லு."

அவள் அங்கேயே நின்று மேலதிகாரிக்குப் போன் செய்தாள். அவர் முதலில் நம்பவில்லை. இரண்டு நோட்டும் ஒத்துப்போகிறதே என்றார். பிறகு, இதை எழுத்தில் அனுப்பாதே என்றார். வைஷ்ணவி எழுத்தில் அனுப்பினாள், கால்நடைத் துறை டாக்டருக்கும் ஒரு பிரதி போட்டு. நிறுத்தச் சொல்லிக் கையெழுத்தாகி உத்தரவாவதற்குள் மணி பதினொன்று. டீம் ஏழு மணிக்கே கிளம்பியிருந்தது. ஆறு கொட்டகையில் மூன்று முடிந்துவிட்டது. எழுபத்திரண்டு பன்றி. ஒன்றுக்கும் காய்ச்சல் இல்லை என்று பிறகு வந்த ரத்தப் பரிசோதனை சொன்னது. மிச்ச மூன்று கொட்டகை தப்பியது. அதே மண்டபத்தில் சோறு அள்ளிய, பன்றிகளுக்குத் தோடு போடாத, எந்த நோட்டிலும் இல்லாத இரண்டு பன்றிக்காரர்களையும் குழந்தைசாமி அடையாளம் காட்டினார். அங்கே காய்ச்சல் இருந்தது.

"குழந்தைசாமி அளவு" அந்த வாரமே அழிக்கப்பட்டது. பன்றிகளுக்குத் தீவனம் மறுபடியும் இரண்டே முக்கால் கிலோ ஆனது. வைஷ்ணவி அந்தக் கம்பெனியில்தான் இன்னும் இருக்கிறாள். பதிவில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறாள்: மிச்சச் சோறு போட்டால் காய்ச்சிப் போடுகிறீர்களா? பதில் சொன்னால் திட்டத்திலிருந்து நீக்கமாட்டோம் என்று எழுதி வாங்க இரண்டு மாதம் சண்டை போட்டாள். ருக்மிணி இப்போது யார் கேட்டாலும் "பன்னிதான்" என்கிறாள்.

குழந்தைசாமியின் கொட்டகைக்கு டீம் வந்தது, வைஷ்ணவி வந்துபோனதற்கு மறுநாள் காலை பத்து மணிக்கு. ஜேசிபி குழி தோண்டி முடித்து நின்றது. குழிக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு மூட்டைகள். இருபத்தொன்பதில் இரண்டு குட்டி முதல் நாளே செத்திருந்தன. மிச்சம் இருபத்தேழு. வெள்ளை அங்கிக்காரர்கள் வலையோடு உள்ளே போனார்கள். மகாராணி ஒருவரைச் சேற்றில் தள்ளியது. இன்னொருவர் வலையை இழுத்துக்கொண்டு ஓடியது. அரை மணி நேரம் போராடி ஒன்றைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பன்றி மிரண்டு ஓடினால் காய்ச்சல் பரவும் என்றோ என்னவோ, அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணே, நீ கூப்பிட்டா வரும் இல்லையா?" என்றார். நல்ல மனுஷர்தான். தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டார்.

குழந்தைசாமி காலி டிரம் ஒன்றையும் அதன் மூடியையும் எடுத்துக்கொண்டு குழிக்குப் போகும் பாதையில் போய் நின்றார். மூடியால் டிரம்மை இரண்டு தட்டு தட்டினார். தினமும் தட்டுவது போலத்தான்.

"வா கண்ணு. சாப்பிடு வா."

இருபத்தேழும் வந்தன. முதலில் மகாராணி, கிழிந்த காதை ஆட்டிக்கொண்டு, பின்னால் வரிசையாக மற்றதெல்லாம். முகர்ந்தே ஊர் வம்பையெல்லாம் சொல்லும் என்றேனே, அது அன்றைக்கு எதையும் முகரவில்லை. நேராக வந்து அவருடைய முழங்காலில் தலையை வைத்தது. ஊசிக்காரர் பக்கத்தில் வந்தார். ஒன்று முடிந்ததும் அடுத்ததை அதே வார்த்தைகளால் குழந்தைசாமி கூப்பிட்டார்.

சாலை ஓரத்தில் ராம்தேயி நின்றிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, நடந்தே வந்திருந்தாள். தமிழில் அவளுக்குத் தெரிந்தது அந்த நாலு வார்த்தைதான். மூடி தட்டும் சத்தமும் அந்த வார்த்தைகளும் கேட்டதும் சேலைத் தலைப்பை முகத்தில் இழுத்துக்கொண்டாள். இருபத்தேழு தடவை அவர் அதைச் சொல்லி முடிக்கும் வரை அவள் தலைப்பை எடுக்கவில்லை.